பெயர் பொறிக்காத குயவர்

மட்கலங்களைச் சேர்த்து வைக்கும் பழக்கமுடையவர்கள் ஒரு நல்ல கலத்தைக் கையில் எடுத்ததும் அதைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்ப்பார்கள். செய்தவரின் முத்திரை அங்கேதான் இருக்கும். அந்த முத்திரையைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். ஜப்பான் நாட்டுக் குயவர் கவாய் கன்ஜிரோ தம் முப்பத்தைந்தாம் வயதை ஒட்டிய காலம் முதல் செய்த கலங்களைக் கவிழ்த்துப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அங்கே சுட்ட மண்ணைத் தவிர வேறொன்றும் இராது. எழுத்து இல்லை, முத்திரை இல்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் மட்பாண்டக் கலையைப் பற்றி எழுதும் எவரும் அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடிவதில்லை. இந்த முரண்பாடுதான் என்னை அவர் வாழ்க்கையின்பால் ஈர்த்தது.

கன்ஜிரோ 1890-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஷிமானே மாநிலத்தில் யாசுகி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் குடும்பம் குயவர் குடும்பமன்று; தச்சர் குடும்பம். மரத்தையும் உளியையும் பார்த்து வளர்ந்த பிள்ளை மண்ணைத் தேடிப் போனது. அதுவும் ஒரு குயவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகும் பழைய வழியில் அன்று. 1910-இல் தோக்கியோ உயர்தொழில் நுட்பப் பள்ளியில் சேர்ந்து மட்பாண்டத் துறையில் பயின்று 1914-இல் தேறினார். அதாவது, சக்கரத்தைப் பிடிக்கும் முன்பே வேதியியலைப் பிடித்தவர் அவர். அதே பள்ளியில் அவருக்கு இளையவராக வந்து சேர்ந்தவர் ஹமாதா ஷோஜி. இவ்விருவர் நட்பும் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

படிப்பு முடிந்ததும் கன்ஜிரோ கியோத்தோ நகராட்சியின் மட்பாண்ட ஆராய்ச்சிக் கூடத்தில் பணியேற்றார். இரண்டாண்டு கழித்து ஹமாதாவும் அங்கே வந்தார். இருவரும் செய்த வேலை மெருகுப்பூச்சுச் சோதனை. கலத்தின்மேல் கண்ணாடிபோல் படியும் அந்தப் பூச்சில் சாம்பல் எவ்வளவு, கல்தூள் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று அளவை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்ப்பது. ஏறத்தாழ 10,000 சோதனைகள் செய்தார்கள் என்று கணக்குச் சொல்வர்.

இந்த இடத்தில் நம் வேதியியல் துறை நண்பர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றைச் சொல்லலாம். பூச்சில் சிறிதளவு செம்பைக் கலந்து, சூளைக்குள் காற்று தாராளமாகப் புகும்படி விட்டுச் சுட்டால் கலம் பச்சை நிறம் பெறும். அதே பூச்சைக் காற்றுவழியை அடைத்து, புகை மண்டிய நெருப்பில் சுட்டால் நெருப்பு தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பூச்சிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். கலம் செந்நிறமாக வெளிவரும். சொல்வதற்கு எளிது. சூளைக்குள் ஒரு மூலையில் காற்று சற்றே மிகுந்துவிட்டாலும் சிவப்பு போய்ச் சாம்பல் படிந்த ஈரல் நிறந்தான் கிடைக்கும். இந்தச் செம்புச் சிவப்பைக் கைவசப்படுத்துவது பெரிய குயவர்களுக்கும் பெருஞ்சோதனை. கன்ஜிரோ இளமையிலேயே அதில் தேர்ச்சி பெற்றார். இறுதிவரை அதை விடவில்லை.

1920-இல் அவருக்குத் திருமணம் ஆயிற்று. அதே ஆண்டில் கியோத்தோவின் கிழக்குப் பகுதியில் கோஜோசாகா என்னும் குயவர் தெருவில் ஒரு வீட்டையும் அதன் பின்னால் இருந்த சூளையையும் வாங்கினார். கியோத்தோவின் பழம்பெரும் குயவர் குடும்பமான கியோமிஸு ரொக்குபெய் குடும்பத்துக்கு உரியதாக இருந்த சூளை அது. அதன்பின் நாற்பத்தாறு ஆண்டுகள், இறக்கும்வரை, அவர் இருப்பிடமும் தொழிலிடமும் அதுவே.

மறு ஆண்டே தகாஷிமாயா என்னும் பெரிய அங்காடியில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. பழஞ்சீனத்திலும் கொரியாவிலும் அரசர்களுக்காகச் செய்யப்பட்ட அரிய கலங்களின் நிறத்தையும் நுணுக்கத்தையும் முப்பது வயது இளைஞர் ஒருவர் அப்படியே மீட்டுக் கொண்டுவந்ததைக் கண்டு கலையுலகம் வியந்தது. திடீரென்று தோன்றிய வால்வெள்ளி என்று போற்றினார்கள். அந்தக் கண்காட்சியின் வழியே அங்காடியின் அலுவலரான கவாகாட்சு கெனிச்சி என்பவர் அவருக்கு வாழ்நாள் நண்பரானார். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊரெல்லாம் புகழ்ந்தபோது ஒருவர் மட்டும் குறை கூறினார். அவர் யனாகி சோயெட்சு என்னும் தத்துவ அறிஞர். கொரிய நாட்டின் ஏழை எளிய குயவர்கள் அன்றாடப் புழக்கத்துக்காகச் செய்த சட்டிகளிலும் சாடிகளிலும் அரண்மனைக் கலங்களில் இல்லாத அழகு இருக்கிறது என்று சொல்லி வந்தவர். கன்ஜிரோவின் கலங்கள் பழையவற்றைப் பார்த்துச் செய்த திறமையான படிகளே என்பது அவர் கருத்து. கன்ஜிரோவுக்கு இது கசந்தது. இருவருக்கும் இடையே மனத்தாங்கல் இருந்தது. ஆனால் 1921-இல் யனாகி தோக்கியோவில் நடத்திய கொரியக் கலக் கண்காட்சியைக் கன்ஜிரோ பார்த்திருந்தார். செய்தவர் பெயர் எவருக்கும் தெரியாத அந்தச் சாடிகள் அவரை உள்ளூர உலுக்கிவிட்டன. வெளியே மறுத்தாலும் உள்ளே ஒப்புக்கொண்ட மனத்தின் வேதனை எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1924-இல் ஹமாதா இங்கிலாந்திலிருந்து திரும்பினார். அங்கே பெர்னார்ட் லீச் என்னும் ஆங்கிலக் குயவருடன் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சூளை அமைத்துப் பணியாற்றிவிட்டு வந்தவர், கன்ஜிரோ வீட்டில்தான் சில வாரங்கள் தங்கினார். வரும்போது ஆங்கில நாட்டுப்புறத்துக் குயவர் செய்த கலங்களைக் கொண்டுவந்திருந்தார். கூழ்மண்ணால் கோலமிட்ட, அடுக்களையில் புழங்கிய கலங்கள் அவை. யனாகியும் அந்தச் சமயத்தில் கியோத்தோவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். ஹமாதா இருவரையும் சேர்த்துவைத்தார். மனத்தாங்கல் கரைந்தது. மறு ஆண்டு மூவரும் சேர்ந்து சென்ற ஒரு பயணத்தின்போது எளிய மக்களின் கைவினைக்கு மிங்கெய் என்று ஒரு பெயரையும் ஆக்கினார்கள். மக்கள் கலை என்பது அதன் பொருள். 1936-இல் தோக்கியோவில் அதற்கென ஓர் அருங்காட்சியகமே எழுந்தது.

இதன்பின் கன்ஜிரோ செய்ததைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். புகழ் உச்சியில் இருந்தவர் சில ஆண்டுகள் கண்காட்சி நடத்துவதையே நிறுத்திவிட்டார். பாராட்டுப் பெற்ற கலைநுணுக்கங்களை ஒதுக்கிவைத்தார். தடித்த, கனத்த, கைக்கு அடக்கமான கிண்ணங்களும் தட்டுகளும் சாடிகளும் செய்யத் தொடங்கினார். கலத்தின் அடியில் பெயர் பொறிப்பதை விட்டார். கலத்தைப் பார்த்தாலே செய்தவன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எழுதிப் பயனில்லை என்பது அவர் எண்ணம். விற்றுக்கொண்டிருந்த சரக்கை நிறுத்திவிட்டு, விற்குமா என்று தெரியாத சரக்கைச் செய்ய முன்வருவது குடும்பஸ்தனுக்கு எளிதன்று.

அவருடைய சூளையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது சரிவில் படிப்படியாக ஏறும் எட்டு அறைகள் கொண்ட ஏறுசூளை. கீழே அடுப்பில் நெருப்பு மூட்டினால் அனல் ஒவ்வோர் அறையாகத் துளைகளின் வழியே மேலேறும். கீழறை வெந்து முடியும்போது மேலறை பாதி வெந்திருக்கும்; அதன் பக்கவாயிலில் விறகு போட்டு மீதியை முடிப்பார்கள். அனல் வீணாகாமல் காக்கும் அருமையான அமைப்பு. 1,300 பாகை அளவுக்கு வெப்பம் ஏறும். ஆனால் இவ்வளவு பெரிய சூளையை ஒருவர் கலம் மட்டும் அடுக்கி நிரப்ப முடியாது. எனவே அக்கம்பக்கத்துக் குயவர் குடும்பங்கள், ஏறத்தாழ இருபது, அதில் பங்கு கொண்டன. கன்ஜிரோ பெரும்பாலும் பயன்படுத்தியது முன்னாலிருந்து இரண்டாவது அறை. உலகம் போற்றிய கலங்களும் பக்கத்து வீட்டார் அன்றாடம் விற்கச் செய்த கிண்ணங்களும் ஒரே நெருப்பில், இரவு பகலாக வெந்தன. மக்கள் கலையைப் பற்றி மேடையில் பேசியவர் பலர். கன்ஜிரோவுக்கு அது கொல்லைப்புறத்து நடைமுறை.

1934-இல் மேற்கு ஜப்பானைத் தாக்கிய பெரும்புயல் அவர் வீட்டைச் சிதைத்துவிட்டது. 1937-இல் புதிய வீட்டைக் கட்டினார். வரைபடம் அவருடையது. கட்டியவர்கள் யாசுகியிலிருந்து வந்த தச்சர்கள். முன்னின்றவர் அவருடைய அண்ணன். தச்சர் வீட்டுப் பிள்ளைக்குப் பூர்விகத் தொழில் கைகொடுத்தது! நாட்டுப்புற விவசாயிகளின் வீட்டைப்போல் கனத்த விட்டங்கள், நடுவே தரையில் பதித்த கணப்பு, கொரிய வீடுகளைப் பார்த்து அமைத்த சில அமைப்புகள். நாற்காலி, மேசை, விளக்கு முதலியன பலவும் அவரே வடிவமைத்தவை. புதுமனைக்குச் சொந்த ஊர் நண்பர்கள் தோட்டத்துக்குக் கல்விளக்கு ஒன்றைப் பரிசளிக்க விரும்பினார்கள். அதற்குப் பதில் உருண்டையான கல் ஒன்று தந்தால் போதும் என்றார் கன்ஜிரோ. அவ்வாறே ஒரு பெரிய உருண்டைக் கல் வந்து சேர்ந்தது. அதைத் தோட்டத்தில் அவ்வப்போது இடம் மாற்றி உருட்டி வைத்துப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

அதே 1937-இல் பாரிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. கன்ஜிரோவின் சாடி ஒன்று அங்கே தலையாய பரிசைப் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அவர் அதை அனுப்பவே இல்லை. தம்மிடம் இருந்த சாடியை அனுப்பிவைத்தவர் கவாகாட்சு. இருபது ஆண்டு கழித்து, 1957-இல், இத்தாலி நாட்டு மிலான் கண்காட்சியிலும் இதே கதை. அனுப்பியவர் மீண்டும் கவாகாட்சு. பரிசு மீண்டும் தலையாய பரிசு. பரிசைத் தேடிப் போகாதவருக்கு அதைத் தேடிக் கொடுக்க ஒரு நண்பர் வாய்த்திருந்தார். அவர் சேர்த்துவைத்த 400-க்கும் மேற்பட்ட கன்ஜிரோ கலங்கள் இன்று கியோத்தோவில் உள்ள தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

போர்க்காலத்தில் சூளை அணைந்தது. சுட வழியில்லாத அந்த நாட்களில் எழுத்தில் இறங்கினார். 1945-இல் குண்டுவீச்சுத் தீ பரவாமல் தடுப்பதற்கென்று கோஜோ தெருவோரத்து வீடுகள் வரிசையாக இடிக்கப்பட்டன. சந்துக்குள் இருந்த இவர் வீடு தப்பியது.

போருக்குப் பின் வந்த கன்ஜிரோ வேறு மனிதர் என்றே சொல்லத் தோன்றுகிறது. அறுபது வயதில் மரச்சிற்பம் தொடங்கினார்; கைகளும் முகங்களும் முகமூடிகளும் பிறந்தன. கலங்களோ கோணலும் முண்டும் முடிச்சுமாக, பயன்பாட்டுக்கு அடங்காத வடிவங்களாக மாறின. மூன்று நிறப் பூச்சுகளைத் தூரிகையால் விசிறி அடித்து முடித்தார். மக்கள் கலைக்காரர்கள் சிலருக்கு இது ஒவ்வாதிருந்தால் வியப்பில்லை. யாரும் சோறு உண்ணவோ தேநீர் அருந்தவோ எடுக்காத கலத்தை மக்கள் கலை என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெயர்ச்சீட்டையும் அவர் உதறிவிட்டார் என்றே நான் கொள்கிறேன். குறை கூறியதால் நண்பரான யனாகியின் கொள்கைக்கும் அவர் அடிமையாகவில்லை.

1955-இல் வாழும் தேசியச் செல்வம் என்று மக்கள் வழங்கும் பட்டத்தை ஜப்பான் அரசு கைவினைஞர்களுக்கு அளிக்கத் தொடங்கியது. ஹமாதா அதை ஏற்றார். கன்ஜிரோ மறுத்தார். பண்பாட்டு விருதையும் அவ்வாறே வேண்டாம் என்றார். ஏற்றவரைத் தாழ்த்தி மறுத்தவரை உயர்த்துவது என் நோக்கமன்று. ஹமாதாவும் கலத்தில் பெயர் பொறிக்காதவர்தாம். பட்டம் வந்தபின் அவர் கலம் கெட்டுவிடவில்லை. அவர்கள் நட்பும் கெடவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் விலையுயர்ந்த கலங்களை மரப்பெட்டியில் வைத்துக் கொடுப்பது வழக்கம். மூடியில் கலத்தின் பெயரையும் தம் பெயரையும் குயவரே தூரிகையால் எழுதுவார். கன்ஜிரோ கலங்களுடன் வந்த பெட்டிகளில் அவர் கையெழுத்து இருக்கிறது! கலத்தில் இல்லாத பெயர் பெட்டியில் இருக்கிறது. இதைப் போலித்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டி, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உரியது. அவர்கள் கேட்டதை அவர் எழுதிக் கொடுத்தார். வீட்டையும் சூளையையும் நடத்த வேண்டிய மனிதர், சந்தையை அடியோடு வெறுக்க முடியாது. கலத்தை மட்டும் அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு வெளியே நிறுத்தப் பார்த்தார். அது முழுமையாகக் கைகூடியதா என்றால், இல்லை. இன்று ஏலக் கூடங்களில் பெட்டியோடு இருக்கும் கலத்துக்கே மதிப்பு மிகுதி.

கன்ஜிரோ 1966 நவம்பர் 18-ஆம் நாள் தம் எழுபத்தாறாம் வயதில் காலமானார். நகருக்குள் புகை கூடாது என்ற கட்டுப்பாட்டினால் 1971-இல் அந்தச் சூளையும் அணைந்தது. 1973-இல் குடும்பத்தார் வீட்டை அப்படியே அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். கணப்பும் சக்கரமும் அவர் செய்த நாற்காலிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கொல்லையில் எட்டு அறைகளும் வாய் திறந்து கிடக்கின்றன. தோட்டத்தில் அந்த உருண்டைக் கல் இருக்கிறது.

த. வரலாறு, இளங்கலை மூன்றாமாண்டு