மயில்மேல் ஒரு முருகன்: தியாகி விஸ்வநாததாஸ்

மதுரையில இருந்து விருதுநகர் ரோட்டுல போனா திருமங்கலம். அங்கே தியாகி விஸ்வநாததாஸ் பெயரில் அரசு நினைவு இல்லம் ஒன்று இருக்கிறது. அந்த ஊர் வழியா தினமும் காலேஜ் பஸ்ஸில் போய்வரும் நம்மில் பல பேருக்கு அவர் யாரென்று தெரியாது. ஏதோ சுதந்திரப் போராட்ட வீரர் போல என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. அவர் கையில் கொடியை விட அதிகமாக இருந்தது வேல். அவர் ஒரு நாடக நடிகர்.

1886-ல் சிவகாசியில் பிறந்தார். முடிதிருத்தும் சமூகம். வாழ்க்கையின் பெரும்பகுதி திருமங்கலத்தில் கழிந்தது. சின்ன வயதிலேயே பாட்டு நன்றாக வந்தது. அந்தக் காலத்தில் நல்ல குரல் இருக்கிற பையனுக்கு ஒரே ஒரு பெரிய வழிதான் இருந்தது: நாடகம்.

இன்றைக்கு நம்மால் கற்பனை பண்ணவே முடியாத அளவுக்கு அப்போது நாடகம் பெரிய விஷயம். மதுரைதான் அதற்குத் தலைநகர் மாதிரி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தது இங்கேதான். பிற்காலத்தில் சினிமாவை ஆண்ட எம்.ஜி.ஆர், பி.யு.சின்னப்பா இரண்டு பேரும் சிறுவர்களாக நடித்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். இதற்குப் பக்கத்தில் இன்னொரு வகையும் வளர்ந்தது, ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனி கிடையாது, ரிகர்சல் கிடையாது. முருகன் ஒரு ஊரில் இருந்து வருவார், வள்ளி வேறொரு ஊரில் இருந்து வருவார், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். எல்லாருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் மனப்பாடம் என்பதால் விடிய விடிய கதை ஓடிவிடும். ஒரே ஸ்டாண்டர்டில் செய்த பார்ட்ஸ் எந்த மிஷினிலும் பொருந்துகிற மாதிரி.

இந்த ஸ்பெஷல் நாடக உலகத்தில் விஸ்வநாததாஸ் பெரிய ஸ்டார். வள்ளி திருமணத்தில் அவர் முருகனாக வந்தால் சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனமெல்லாம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்துவிடும். மைக் பரவுவதற்கு முந்தைய காலம். கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரி தொண்டையால்தான் பாட வேண்டும்.

அந்தத் தொண்டையை அவர் முருகனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. மதுரையில் பாஸ்கரதாஸ் என்று ஒரு கவிஞர் இருந்தார். மதுரகவி பாஸ்கரதாஸ். அவர் தேசியப் பாட்டு எழுதுவார், இவர் மேடையில் பாடுவார். வெள்ளைக் கொக்கைப் பற்றி அவர் எழுதிய பாட்டு ஒன்று ரொம்பப் பிரபலம். வள்ளி திருமணமே தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற கதை. அதில் கொக்கு வந்தால் யார் என்ன குற்றம் சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கொக்கு எந்த நாட்டில் இருந்து வந்தது என்று கூட்டத்துக்கும் புரிந்தது, ஓரமாக நின்ற போலீசுக்கும் புரிந்தது.

நாடகங்களைத் தடை செய்ய ஆங்கில அரசு 1876-லேயே தனிச் சட்டம் போட்டிருந்தது. ஆனால் ஸ்பெஷல் நாடகத்தை முன்கூட்டியே படித்துப் பார்த்து வெட்டுவது எப்படி? எழுதித் தந்த கதையில் கொக்கு இருக்காது. ராத்திரி ஒரு மணிக்குக் கூட்டத்தின் மூடைப் பார்த்துத் திடீரென்று வரும். அதனால் பாட்டைப் பிடிக்க முடியாமல் பாடுகிறவரைப் பிடித்தார்கள். விஸ்வநாததாஸ் பல முறை ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடி மேடை, மறுபடி அதே பாட்டு.

அவர் போலீசோடு மட்டும் மோதவில்லை. மேடையில் அவர் முருகன். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். மேடையை விட்டு இறங்கினால் அவருடைய சாதியை ஞாபகப்படுத்த ஆள் இருந்தார்கள். சாதியைச் சொல்லி அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். வள்ளி திருமணம் என்ன கதை? ஒரு கடவுள் மலைக்குறவர் வீட்டுப் பெண்ணைத் தேடி வந்து, கெஞ்சி, வேஷம் போட்டு, கல்யாணம் பண்ணிக்கொள்கிற கதை. அந்தக் கதையில் நடிப்பதற்கே சாதி பார்த்தார்கள். அப்படிப் பார்க்காமல் அவரோடு மேடையேறியவர்களில் ஒருவர் மதுரை கே.பி.ஜானகி அம்மாள். பிற்காலத்தில் பெரிய கம்யூனிஸ்ட் தலைவராகி, 1967-ல் மதுரை கிழக்கு எம்.எல்.ஏ. ஆனவர்.

இதற்கு நடுவில் 1931 அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' வெளியானது. தமிழ் பேசிய முதல் படம். அதன் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி நாடகத்தில் இருந்து போனவர். அதற்குப் பாட்டு எழுதியவர் யார் தெரியுமா? அதே பாஸ்கரதாஸ். விஸ்வநாததாஸுக்கு மேடைப்பாட்டு எழுதிய பேனாதான் சினிமாவுக்கும் முதல் பாட்டு எழுதியது. சினிமா வெளியே இருந்து வந்து நாடகத்தை அடித்துப் போட்டது என்று சொல்வோம். உண்மையில் அது நாடகத்தின் வீட்டுக்குள்ளேயே புகுந்து ஆட்களையும் பாட்டையும் கதையையும் எடுத்துக்கொண்டு போனது. 1934-ல் வந்த 'பவளக்கொடி' மேடையில் ஓடிய நாடகம்தான். அதில் அறிமுகமான தியாகராஜ பாகவதரும் மேடை நடிகர்தான். 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு கே.பி.சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். அவரும் நாடகத்தில் இருந்து வந்தவர்தான்.

நம்ம பாஷையில் சொன்னால் இது காஸ்ட் கணக்கு. நாடகத்துக்கு ஒவ்வொரு ராத்திரியும் முழுச் செலவு: நடிகர், பக்கவாத்தியம், பந்தல், சாப்பாடு. படத்துக்கு ஒரே தடவை செலவு. அப்புறம் பெட்டி மட்டும் ஊர் ஊராகப் போகும். ஒரே பாகவதர் ஒரே நேரத்தில் பத்து ஊரில் பாடுவார், தொண்டை கட்டாது. டூரிங் டாக்கீஸ் வந்ததும் கிராமத்துக்காரர் திருவிழா வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இதோடு போட்டி போட எந்த நடிகராலும் முடியாது.

ஆனால் பெட்டிக்குள் இருக்கிற படத்தில் இன்னொரு விஷயம் உண்டு. அதை முன்கூட்டியே பார்த்து வெட்டலாம். வேண்டாம் என்றால் ஓடவே விடாமல் செய்யலாம். 1939-ல் வந்த 'தியாகபூமி'க்கு அதுதான் நடந்தது. ஓடிக்கொண்டிருந்த படத்தை அரசு தடை செய்தது. ராத்திரி ஒரு மணிக்குத் திடீரென்று வருகிற கொக்கு சினிமாவில் வர முடியாது. அந்த இடம் மேடையில் மட்டும்தான் இருந்தது. விஸ்வநாததாஸ் கடைசி வரை மேடையிலேயே நின்றார்.

நின்றதற்கு விலையும் கொடுத்தார். ஜெயிலில் இருக்கிற நாட்களில் வருமானம் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் கைதாகக்கூடிய நடிகரை வைத்து நாடகம் போட யோசிப்பார்கள். மிச்சம் இருந்த கூட்டமும் டாக்கீஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கடன் சேர்ந்தது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. அப்படியும் 1940 கடைசியில் நாடகம் நடத்தச் சென்னைக்குப் போனார்.

டிசம்பர் 31 ராத்திரி, ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகனாக மயில்மேல் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. வயது 54. அவரைத் திரும்பத் திரும்பக் கைது செய்த அரசு போக இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

அவரைப் பற்றிப் பேசும்போது சினிமாவிடம் தோற்ற கலைஞர் என்று பரிதாபப்படத் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1952-ல் மதுரையில் தங்கம் தியேட்டர் 'பராசக்தி' படத்தோடு திறந்தது. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே பெருமை பேசியது. இன்று அது இல்லை, இடித்தாகிவிட்டது. நாடகக் கொட்டகையைக் காலி பண்ணிய சினிமா தியேட்டரை டிவி காலி பண்ணியது, மிச்சத்தை நம்ம கையில் இருக்கிற போன் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பங்குனி, சித்திரை மாசத்தில் மேலூர், உசிலம்பட்டி பக்கம் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். போஸ்டரில் இன்னும் வள்ளி திருமணம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் ஆரம்பிக்கும், நாரதரும் வள்ளியும் விடிய விடிய தர்க்கம் பண்ணுவார்கள். கூட்டம் பழையபடி இல்லைதான். ஆனால் ஜெயிக்கிற மீடியம் எது என்பது பத்து இருபது வருஷத்துக்கு ஒரு முறை மாறும். அதில் நின்றுகொண்டு என்ன பாடினோம் என்பதுதான் மிஞ்சுகிறது.

அடுத்த முறை திருமங்கலம் வழியா போகும்போது ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி அந்த நினைவு இல்லத்தை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.