கழற்றிப் பார்த்துக் கற்றவர்

ஜி.டி. நாயுடுவை இந்தியாவின் எடிசன் என்று சொல்லித்தான் நமக்குப் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அந்த அடைமொழியில் அவ்வளவு உடன்பாடில்லை. ஒருவர் கண்டுபிடித்தவற்றின் பட்டியலைக் காட்டிலும் அவர் எப்படிக் கற்றார் என்பதே மாணவர்களாகிய நமக்கு அதிகம் வேண்டியது.

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்ற சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மணலை வீசிவிட்டு ஓடிய பிள்ளை என்றுகூடச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது.

அவரைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ‘ரட்ஜ்’ வண்டியைக் கண்ட இளைஞருக்கு அதன்மேல் தீராத ஆசை பிறந்தது. கோயம்புத்தூருக்கு வந்து, ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்ததோடு நிற்கவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மறுபடியும் மாட்டினார். முறையான பயிற்சி எதுவும் இல்லாமலேயே மெக்கானிக் ஆனார்.

இந்த ஒரு வரியை நான் முன்பு எளிதாகப் படித்துக் கடந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு முடித்த விடுமுறையில், ஈப்போவில் என் மாமாவின் பழைய மோரிஸ் மைனர் காரைப் பழுது பார்க்கக் கூடவே நின்றபோதுதான் அதன் கனம் புரிந்தது. நான்கு சிலிண்டர், 948 சி.சி. எஞ்சின். கழற்றுவது கடினமே இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். கழற்றியதை எங்கே, எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வால்வுகளை இயக்கும் தள்ளுகம்பிகள் எட்டு. பார்வைக்கு எட்டும் ஒன்றே. ஆனால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் தேய்ந்து பழகியிருக்கும். இடம் மாற்றிப் போடக் கூடாது. மாமா ஓர் அட்டைப்பெட்டியில் எட்டுத் துளையிட்டு எண் எழுதி, அவற்றை வரிசையாகச் செருகி வைத்தார். திருகாணிகள் மைலோ டின்களுக்குள் போயின. சிலிண்டர் ஹெட்டைத் திரும்பப் பூட்டும்போது நடுவிலுள்ள நட்டில் தொடங்கி ஓரங்களை நோக்கி, சிறிது சிறிதாக, பல சுற்றில் இறுக்கச் சொன்னார். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் ஹெட் கோணிக்கொள்ளும். கேஸ்கெட் வழியாக அழுத்தம் கசியும். வெப்ப இயக்கவியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய எனக்கு இதில் ஒன்றுமே அதுவரை தெரியாது! பக்கத்தில் சொல்லித்தர மாமாவும் இல்லாத ஒருவர் இதையெல்லாம் கண்ணாலும் கையாலும் கண்டுகொண்டார் என்றால், அது எவ்வளவு பொறுமை!

நாயுடுவின் பாதையும் நேராகப் போய்விடவில்லை. பருத்தி அரைவைத் தொழிலில் சம்பாதித்தார். பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் இழந்தார். பிறகு ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியோடு 1920இல் ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது. டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து 1937இல் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கியதும், ‘ரேசண்ட்’ என்ற மின்சவரக் கத்தியும் பலரும் அறிந்தவை. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

1945இல் அவர் முயற்சியில் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. மூன்றாம் வகுப்போடு நின்றவர் அதன் முதல்வரானார்! பொறியியலுக்கு நான்கு ஆண்டு தேவையில்லை, இரண்டே போதும் என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இந்த வழக்கில் நான் முழுக்க அவர் பக்கம் நிற்க மாட்டேன். எஞ்சினை மாட்டத் தெரிவது வேறு. புதிதாய் ஒன்றை வடிவமைக்கக் கணக்கு வேண்டும், அதற்குக் காலமும் வேண்டும். ஆனால் இரண்டு ஆண்டு படித்தும் ஓர் எஞ்சினைத் திறந்து பார்க்காத மாணவனை அவர் தம் கல்லூரியில் வைத்திருக்க மாட்டார் என்பதை மறுக்க என்னால் முடியவில்லை.

நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். அவர் விட்டு விலகிய கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது. அங்கும் பொறியியல் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுதான்.