பனிக்கடலில் படம் பிடித்த பிராங்க் ஹர்லி

துருவப் பயணம் என்றாலே ஸ்காட், அமுண்ட்சென், ஷாக்கல்டன் என்று தலைவர்களின் பெயர்களைத்தான் அடுக்குவோம். பனிக்கட்டிகளுக்கு நடுவே சாய்ந்து நிற்கும் கப்பல், பனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நாய், தாடியெல்லாம் உறைந்துபோன மாலுமி, இப்படிப்பட்ட படங்களைப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இதை யார் எடுத்தார், எப்படி எடுத்தார், எடுத்த படம் எப்படி ஊர் வந்து சேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. மாணவச் செல்வங்களே, அப்படிப் படம் பிடித்த ஒருவரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுதுகிறேன். அவர் பெயர் பிராங்க் ஹர்லி. ஆஸ்திரேலியாக்காரர்.

1885ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் சிட்னி நகரின் கிளீப் பகுதியில் ஹர்லி பிறந்தார். தந்தை அச்சுக் கோக்கும் தொழிலாளி, தொழிற்சங்கத்திலும் ஈடுபட்டவர். பிள்ளைக்கோ பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. பதின்மூன்றாம் வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, சரக்கு இரயிலில் ஏறி, லித்கோ என்னும் ஊரில் இருந்த இரும்பாலையில் போய் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். (இதை மட்டும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம், சொல்லிவிட்டேன்!) இரும்பாலையில் பழகிய கைத்தொழில் பின்னாளில் எங்கே போய் உதவியது என்பதைப் பார்க்கத்தான் போகிறோம். சில ஆண்டுகளில் ஊர் திரும்பினார். இரவு வகுப்புக்குப் போய்ப் படித்தார்.

பதினேழு வயதில் முதல் கேமரா வாங்கினார். கோடக் பெட்டிக் கேமரா. விலை 15 ஷில்லிங். கையில் மொத்தமாகப் பணம் ஏது? வாரம் ஒரு ஷில்லிங் என்று தவணை கட்டித்தான் வாங்கினார். நம் தோட்டங்களில் அந்தக் காலத்தில் சைக்கிள் வாங்கிய கதை மாதிரிதான். பிறகு அஞ்சலட்டைப் படங்கள் எடுத்து விற்கும் தொழிலில் இறங்கினார். நல்ல படத்துக்காக எந்த ஆபத்துக்கும் துணிந்தவர் என்று அப்போதே பெயர் வாங்கிவிட்டார். எதிரே ஓடிவரும் இரயிலைத் தண்டவாளத்திலேயே நின்று படம் பிடித்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். துணிச்சல் இருந்த அளவுக்கு வருமானம் இல்லை, கடன்தான் ஏறியது.

அந்த வேளையில் டக்ளஸ் மாசன் என்னும் அறிவியலறிஞர் அண்டார்டிக்காவுக்குப் போக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஹர்லி என்ன செய்தார் தெரியுமா? மாசன் போகும் இரயில் பெட்டியிலேயே ஏறி, அவர் எதிரில் உட்கார்ந்து, பயணம் முழுவதும் பேசிப் பேசியே இடம் வாங்கிவிட்டார். 1911ஆம் ஆண்டு இறுதியில் கப்பல் புறப்பட்டது. ஹர்லிக்கு அப்போது வயது 26.

அவர்கள் இறங்கிய டெனிசன் முனை, உலகிலேயே காற்றுக்குப் பேர்போன இடம். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் நாள்கணக்காக வீசும். மனிதன் நேராக நிற்க முடியாது; காற்றின் மேல் சாய்ந்துகொண்டுதான் நடக்க வேண்டும். ஒரு மரக் குடிசையில் 18 பேர். சமையல், இராக்காவல், பனியை வெட்டிக் கொண்டுவந்து உருக்கித் தண்ணீர் ஆக்குவது என்று எல்லாருக்கும் முறை வைத்து வேலை. அறிவியலறிஞரும் பாத்திரம் கழுவ வேண்டும். இந்த வேலைகளுக்கு இடையில்தான் ஹர்லி படம் பிடித்தார்.

அந்தக் காலத்துப் படம் பிடிக்கும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் பட்ட பாடு விளங்காது. மருந்து பூசிய ஒரு கண்ணாடித் தகடுதான் அன்றைய பிலிம். ஒரு தகட்டுக்கு ஒரே படம். படம் எடுத்தபின் இருட்டறையில் மருந்து நீரில் தகட்டைக் கழுவினால்தான் உருவம் தெரியும். அதன்பின் சுத்தமான தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும். அண்டார்டிக்காவில் தண்ணீருக்கு எங்கே போவது? சொட்டுத் தண்ணீர் வேண்டுமானாலும் பனியை உருக்க வேண்டும். தொட்டியைச் சூடாக வைத்திராவிட்டால் தகடுகளோடு சேர்ந்து தண்ணீரும் கட்டியாகிவிடும். வெளியிலோ வேறு தொல்லை. வெறுங்கையால் கேமராவின் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டால் திருகு பிடிபடாது. மூச்சு விட்டால் வில்லையில் பனி படியும். சினிமாக் கேமராவில் பிலிம் குளிரில் விறைத்து முறியும். இவ்வளவையும் தாண்டித்தான் ஒரு படம்! மருந்து நீரில் ஊறியும் குளிரில் காய்ந்தும் அவர் விரல் நுனிகள் வெடித்துப் போயின.

அந்தப் பயணத்தின் சினிமாப் படம் 1913ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. ஹர்லியின் பெயர் எங்கும் பரவியது. ஷாக்கல்டன் காதுக்கும் எட்டியது. அண்டார்டிக்கா கண்டத்தைக் குறுக்கே கடக்க அவர் திட்டமிட்டிருந்தார். அதற்கு நிறையப் பணம் வேண்டும். பயணத்தின் படங்களைக் காட்டும் உரிமையை முன்கூட்டியே விற்றுத்தான் பணத்தில் ஒரு பகுதியைத் திரட்டினார். ஆகவே படம் பிடிப்பவர் கப்பலில் அலங்காரத்துக்கு ஏறியவர் அல்லர். அவர் கொண்டுவரும் படத்தை நம்பித்தான் கடனே வாங்கியிருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1914ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் எண்டூரன்ஸ் கப்பல் சவுத் ஜார்ஜியா தீவை விட்டுப் புறப்பட்டது. மொத்தம் 28 பேர். அடுத்த மாதமே வெட்டல் கடலின் பனிக்கட்டிகளுக்குள் கப்பல் சிக்கிக்கொண்டது. முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. பனியோடு பனியாகக் கப்பல் மிதந்து போய்க்கொண்டே இருந்தது. மே மாதம் மறைந்த சூரியன் ஜூலைக் கடைசியில்தான் மீண்டும் தலை காட்டியது.

மூன்று மாத இருட்டில் 28 பேர் எப்படிப் பொழுது போக்கினார்கள்? கப்பலின் நடுத்தட்டில் குளிர் தாங்கும்படி அறைகள் தடுத்துக்கொண்டார்கள். பனியின் மேல் கால்பந்து ஆடினார்கள். நாய்களைப் பழக்கினார்கள்; ஹர்லியிடம் ஒரு நாய்க் கூட்டம் இருந்தது, அதன் தலைவன் பெயர் ஷேக்ஸ்பியர். ஜூன் 22, நடுக்குளிர்கால நாள், அன்றைக்கு விருந்தும் பாட்டும் வேடிக்கையும். மேடையை அலங்கரித்து விளக்குப் போட்டவர் ஹர்லி. சில இரவுகளில் தாம் முன்பு போய்வந்த ஜாவாத் தீவின் படங்களைத் திரையில் காட்டிப் பேசுவார். நம் பக்கத்துத் தீவின் தென்னையையும் வெயிலையும் தென் துருவப் பனியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்!

ஆகஸ்டு 27ஆம் நாள் இரவு, கும்மிருட்டில் கப்பலைப் படம் பிடிக்க ஹர்லி விரும்பினார். பனிமேடுகளின் பின்னால் இருபது இடங்களில் ஒளிமருந்தை வைத்து ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். கண் கூசிப்போய், வழி தெரியாமல், காலில் அடிபட்டு, பனிக்குழியிலும் விழுந்தார். படம் என்னவோ கிடைத்துவிட்டது. எலும்புக்கூடு போல வெள்ளையாகக் கப்பல், சுற்றிலும் இருட்டு. ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பனி விடவில்லை. நெருக்கி நெருக்கிக் கப்பலின் மரத்தை உடைத்தது. அக்டோபர் 27ஆம் நாள் எல்லாரும் கப்பலை விட்டுப் பனியின் மேல் இறங்கினார்கள். நவம்பர் 2ஆம் நாள் ஹர்லி உடைந்த கப்பலுக்குத் திரும்பிப் போனார். தகடுகள் இருந்த அறை தண்ணீருக்குள். சுவரைக் கோடரியால் வெட்டித் திறந்தார். உள்ளே நாலடி ஆழத்துக்குப் பனிக்கூழ். சட்டையைக் கழற்றிவிட்டு அதில் மூழ்கி ஒவ்வொரு பெட்டியாக வெளியே எடுத்தார். முன்யோசனையாகத் தகரப் பெட்டியில் வைத்து ஈயம் பற்றவைத்திருந்ததால் தகடுகள் நனையவில்லை.

எடுத்தாயிற்று. ஆனால் எப்படிச் சுமப்பது? இனிமேல் படகுகளை இழுத்துக்கொண்டு பனியின் மேல் நடக்க வேண்டும். ஒவ்வொருவரும் சொந்தச் சாமான் இரண்டு பவுண்டுதான் கொண்டுவரலாம் என்று ஷாக்கல்டன் ஆணையிட்டிருந்தார். தம்மிடமிருந்த பொற்காசுகளையே அவர் பனியில் எறிந்துவிட்டார். கண்ணாடியோ கனம். ஒரு வாரம் கழித்து இருவரும் பனியின் மேல் உட்கார்ந்து தகடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். வேண்டும் என்றால் ஒரு பக்கம். வேண்டாம் என்றால் ஹர்லி அங்கேயே அதை உடைத்துப் போட்டார். ஓரமாக வைத்தால் போதாதா, ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வைத்தால் மனம் மாறும். நாளைக்கு இன்னும் ஒன்று, நாளை மறுநாள் இன்னும் ஒன்று என்று கை போகும். சுமை கூடினால் உயிருக்கு ஆபத்து. ஏறக்குறைய 400 தகடுகளை உடைத்தார். 120 தகடுகள் மிஞ்சின. சில வண்ணப் படங்களும் சினிமாப் பிலிமும் ஒரு படத் தொகுப்பும் தப்பின. பெரிய கேமராக்களை விட்டுவிட்டார். சட்டைப்பை அளவுள்ள ஒரு சின்னக் கோடக்கும் மூன்று சுருள் பிலிமும்தான் இனி அவருக்கு. நவம்பர் 21ஆம் நாள் கப்பல் மூழ்கியது.

பனியின் மேல் கூடாரம் போட்டு ஐந்து மாதம். உணவு குறையக் குறைய நாய்களைப் படிப்படியாகச் சுட்டுவிட்டார்கள். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஷேக்ஸ்பியரும் மிஞ்சவில்லை. இங்கேதான் இரும்பாலைக் கைத்தொழில் உதவியது. கப்பலின் தகரத்தை வெட்டி, சீல் கொழுப்பில் எரியும் அடுப்பு செய்தவர் ஹர்லி. படகுக்குத் தண்ணீர் இறைக்கும் குழாயும் அவர் செய்ததே.

1916ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மூன்று சிறு படகுகளில் எலிபெண்ட் தீவை அடைந்தார்கள். தகரப் பெட்டிகளும் கூடவே வந்தன. அங்கிருந்து ஷாக்கல்டன் ஐந்து பேருடன் ஒரு படகில் உதவி தேடிப் புறப்பட்டார். கிளம்பும் முன் ஹர்லியின் குறிப்பேட்டில் ஓர் உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார். தாம் உயிரோடு திரும்பாவிட்டால் படங்கள் அனைத்துக்கும் ஹர்லியே பொறுப்பு என்பது அதன் சாரம். சாவு எதிரில் நிற்கும்போதும் படத்தின் கணக்கை மறக்கவில்லை பாருங்கள்.

மீதிப் பேர் 22. கவிழ்த்த இரண்டு படகுகளே வீடு. பெங்குவினும் சீலும் சாப்பாடு. ஓர் இளைஞனின் கால் விரல்கள் குளிரில் அழுகிவிட்டன. மருத்துவர்கள் அதை அந்தப் படகு வீட்டுக்குள்ளேயே வெட்டி எடுத்தார்கள். பெங்குவின் தோலை அடுப்பில் போட்டுப் போட்டு அறையைச் சூடாக வைத்திருந்தவர் ஹர்லி. நான்கு மாதத்துக்குப் பிறகு, ஆகஸ்டு 30ஆம் நாள், சிலி நாட்டின் எல்ச்சோ கப்பலில் ஷாக்கல்டன் வந்து எல்லாரையும் மீட்டார். ஒருவர்கூடக் குறையவில்லை. ஓராண்டுக்கு முன் எடுத்த படங்களும் கெட்டுப் போகவில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த படங்களை ஹர்லி பிறகு என்ன செய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நல்லதை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு. எலிபெண்ட் தீவில் கரையில் நின்று கையசைக்கும் மனிதர்களும் கடலில் ஒரு படகுமாக ஒரு படம் உண்டு. மீட்புக் காட்சி என்றே அது பல காலம் வெளியிடப்பட்டது. உண்மையில் அது ஷாக்கல்டன் உதவி தேடிப் புறப்பட்ட நாளின் படம். அதைத் திருத்தி மீட்புக் காட்சி ஆக்கியிருக்கிறார். வானம் சரியில்லை என்றால் வேறு படத்தின் மேகத்தை ஒட்டுவதும் அவர் வழக்கம்.

1917இல் ஆஸ்திரேலியப் படையின் படம்பிடிப்பாளராகப் பெல்ஜியப் போர்முனைக்குப் போனபோது இது பெரிய சண்டையாகவே வந்துவிட்டது. பல படங்களை ஒட்டி ஒரே போர்க்காட்சியாக்க வேண்டும் என்றார் ஹர்லி. ஒரே படத்தில் போர் முழுவதையும் காட்ட முடியாது என்பது அவர் வாதம். படையின் வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பீன், அது பொய்ப்படம் என்று மறுத்தார். ஹர்லி வேலையை விடுவதாக மிரட்டினார். கடைசியில், ஒட்டிச் செய்தவை என்று எழுதிப்போட்டுச் சில படங்களை மட்டும் காட்டலாம் என்று முடிவாயிற்று.

இருவரில் எவர் சரி? என்னைக் கேட்டால் பீன் பக்கம்தான் நிற்பேன். மேகத்தைக்கூட விட்டுவிடலாம். வழியனுப்பிய நாளும் மீட்க வந்த நாளும் ஒன்றாகுமா? படகு போவதைப் பார்த்தவர்கள் அது திரும்புமா என்று தெரியாமல் நின்றவர்கள். அந்த நிற்பு அந்தப் படத்தில் இருந்தது. நானூறு தகடுகளை உடைத்தவர் மிச்சம் வைத்ததைத் திருத்தாமல் விட்டிருக்கலாம். ஆனாலும் பனிக்கூழில் மூழ்கியவர் அவர், நானில்லை; அதையும் சொல்லிவிடுகிறேன்.

1918இல் கெய்ரோவில் ஒரு பாடகியைப் பத்தே நாள் பழகி மணந்தார். நான்கு பிள்ளைகள். எண்டூரன்ஸ் சினிமாப் படம் 1919இல் வெளிவந்தது. பப்புவா காடுகள், மீண்டும் மாசனுடன் அண்டார்டிக்கா, இரண்டாம் உலகப் போர் என்று ஓயாமல் அலைந்தார். 1962ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், 76ஆம் வயதில் சிட்னியில் காலமானார். அவர் காத்த தகடுகள் இன்று சிட்னியிலும் இலண்டனிலும் பத்திரமாக உள்ளன.

2022ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் எண்டூரன்ஸ் கப்பலை வெட்டல் கடலின் அடியில், 3008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். கருவியை இறக்கிப் படம் எடுத்தார்கள். பின்புறத்தில் கப்பலின் பெயர் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது, சுக்கான் சக்கரமும் நிற்கிறது. அந்தப் படத்தையும் ஹர்லி எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டினேன். முதலில் அவர்கள் கேட்டது, உடைத்துப்போட்ட அந்த நானூறு படங்களிலும் என்ன இருந்தது, டீச்சர் என்பதுதான்.