பாலை தந்த சான்றோர்

இந்தியாவின் வடமேற்கில் பரந்து கிடப்பது தார்ப் பாலைவனம். அங்கு ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் முதல் 500 மில்லிமீட்டர் வரையே பெய்யும். அதுவும் தவறாது பெய்யும் என்று நம்புவதற்கில்லை. எனினும் உலகப் பாலைவனங்களுள் மக்கள் மிக நெருங்கி வாழ்வது இதுவே என்பர். அம்மக்கள் அங்கு நிலைத்து வாழ்ந்தது எங்ஙனம் என ஆராய்வோர் ஜாம்போஜியின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

ஜாம்போஜி எனப்படும் குரு ஜம்பேசுவரர், இராஜஸ்தானத்தில் நாகௌர்ப் பகுதியைச் சார்ந்த பீபாசர் என்னும் சிற்றூரில் 1451-ஆம் ஆண்டில் தோன்றினார். தந்தையார் லோஹட் பன்வார், தாயார் ஹம்சாதேவி. இளமையில் அவர் வாய் பேசாதிருந்தார் என்றும், பின்னர் 27 ஆண்டுகள் ஆனிரை மேய்த்தார் என்றும் அவர் வழியினர் கூறுவர். எப்புதர் எப்பருவத்தில் தழைக்கும், எம்மணல்மேட்டின் அடியில் ஈரம் நிற்கும் என்பவற்றை அறியாத ஆயன் பாலையில் ஆனிரையைக் காத்தல் இயலாதன்றோ? அவ்வறிவே பிற்காலத்தில் அவர் வகுத்த நெறிக்கு அடிப்படையாயிற்று.

அக்காலத்தில் கொடிய வற்கடம் ஒன்று அந்நாட்டை வருத்தியது. புல் கருகியது, கால்நடைகள் மடிந்தன, மக்கள் ஊரை விட்டு வெளியேறத் தலைப்பட்டனர். பசிக்கொடுமையால் எஞ்சிய மரங்களை வெட்டியும் மான்களைக் கொன்றும் உயிர் வாழ முயன்றனர் என்பர். வானம் பொய்த்தமை மக்கள் குற்றமன்று. ஆனால் மரமும் விலங்கும் அழிந்தபின் மழை பெய்தும் பயன் என்ன? காற்று மணலை வாரி வயல்களில் கொட்டும்; நிலம் மீளாது. ஜாம்போஜி இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர்தம் விதிகளே சான்றாகும்.

1485-ஆம் ஆண்டில் சம்ராத்தல் என்னும் மணற்குன்றின்மீது மக்களைக் கூட்டி, அவர் 29 விதிகளை வகுத்தளித்தார். அவற்றை ஏற்றோர் பிஷ்ணோயர் எனப்பட்டனர். அப்பெயர் நம் செவிக்கு வேறு பொருள் தருவதுபோல் தோன்றினும், அவர்கள் மொழியில் இருபதும் ஒன்பதும் சேர்ந்த எண்ணையே குறிக்கும் என்பர். பச்சை மரத்தை வெட்டலாகாது. எல்லா உயிர்களிடத்தும் அருள் காட்டல் வேண்டும். விறகை அடுப்பில் இடுமுன் அதில் சிற்றுயிர்கள் உளவோ எனப் பார்த்தல் வேண்டும் என்பன அவ்விதிகளுட் சில. இறந்தோரை எரியாது புதைப்பது அவர்கள் வழக்கம். அதனால் விறகும் மிஞ்சியது.

அவர்கள் போற்றிய மரங்களுள் தலையாயது கேஜ்ரி. அது வேறன்று, நாம் வன்னி என வழங்கும் மரமே. விருத்தாசலம் கோயிலின் தலமரமும் அதுதான். அதன் வேர் ஆழச் சென்று அடிமண்ணின் நீரைப் பருகுமாதலின், ஏனைய செடிகள் வாடும் கோடையிலும் அது தளிர்த்து நிற்கும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனியாகும்; பிஞ்சுக்காயை உலர்த்தி மக்கள் கறி சமைப்பர். அவரைக் குடும்பத்தைச் சார்ந்ததாகையால் மண்ணுக்குத் தழைச்சத்தையும் அளிக்கின்றது. பெரும்பாலான மரங்களின் நிழலில் பயிர் குன்றும்; வன்னியைச் சுற்றியோ கம்பு செழித்து வளர்வதை உழவர் கண்டனர். இத்தகைய மரம் ஒன்றை வெட்டுவோன் தன் வயலையும் தொழுவத்தையும் ஒருங்கே அழிப்பவன் ஆவான்.

1536-ஆம் ஆண்டில் ஜாம்போஜி மறைந்தார். அவர் உடல் முகாம் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1730-இல், அவர்தம் நெறி பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. ஜோத்பூர் மன்னர் அபயசிங்கின் புதிய அரண்மனைக்குச் சுண்ணாம்பு நீற்ற விறகு வேண்டியிருந்தது. ஏவலாளர் கோடரியுடன் கேஜட்லி என்னும் ஊரை அடைந்தனர். அமிர்தாதேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று வெட்டுண்டு வீழ்ந்தார். அவர்தம் மகளிர் மூவரும் அவ்வாறே மாண்டனர். செய்தி பரவவே, சுற்றூர்களிலிருந்து பிஷ்ணோயர் திரண்டு வந்து மரத்துக்கு ஒருவராக நின்றனர். உயிர் நீத்தோர் 363 பேர் என்பது அவர்கள் மரபு. செய்தியறிந்த மன்னர் உடனே மரம் வெட்டுவதை நிறுத்தினார்; பிஷ்ணோயர் ஊர்களில் பச்சை மரத்தை வெட்டுதலும் விலங்கை வேட்டையாடுதலும் கூடா என ஆணையும் பிறப்பித்தார்.