எட்மண்ட் ஹாயில்

எட்மண்ட் ஹாயில் (ஏறத்தாழ 1672 - ஆகஸ்ட் 29, 1769) சீட்டாட்ட விதி நூல்களால் அறியப்படும் ஆங்கிலேய எழுத்தாளர் ஆவார். இலண்டனில் செல்வந்தர்களுக்கு விஸ்ட் என்னும் சீட்டாட்டத்தைக் கற்பித்து வந்த இவர், 1742 ஆம் ஆண்டில் அவ்வாட்டம் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். அப்போது இவரது வயது ஏறத்தாழ 70. ஒரு கினி விலையுள்ள அந்நூலுக்கு விரைவிலேயே மலிவான திருட்டுப் பதிப்புகள் வெளிவந்தன. எனவே உண்மையான படிகளை அடையாளங்காட்ட ஹாயில் அவற்றில் கையொப்பமிட்டார். பேக்கமன், பிக்கெட், சதுரங்கம் ஆகியவற்றைப் பற்றியும் எழுதினார்.

1751 இல் பிராக் ஆட்டத்தைப் பற்றி எழுதினார். நல்ல சீட்டு இல்லாதபோதும் பந்தயத்தை உயர்த்தி எதிராளியை விலகச் செய்யும் இவ்வாட்டம், போக்கரின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. போக்கரோ 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றியது. ஹாயில் அதனைக் கண்டதேயில்லை. ஆயினும் பதிப்பாளர்கள் பிற்கால விதித் தொகுப்புகளுக்கும் ஹாயில் என்றே பெயரிட்டனர். இதனால் டிரா, ஸ்டட் போன்ற போக்கர் வகைகளின் விதிகளையும் பலர் இவர் பெயர் தாங்கிய நூல்களிலிருந்தே கற்றனர். திருட்டுப் பதிப்பை எதிர்த்துக் கையொப்பமிட்டவரின் பெயர், அவர் எழுதாத நூல்களுக்கு முத்திரையானது விந்தையே. 1979 இல் போக்கர் புகழ்மண்டபத்தில் முதலில் சேர்க்கப்பட்ட எழுவருள் ஹாயிலும் ஒருவர்.