விளக்கைச் சிமிட்டி மூளையைப் படித்த கிரே வால்டர்

றக்வானையானாலும் ஹட்டனானாலும், தோட்டத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பார்கள். சாமி குற்றம் என்று பூசாரியைத் தேடுவோரும் உண்டு. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். பெயர் வாங்குவது இரும்பு.

வலிப்பு மூளையின் மின்சாரக் கோளாறு என்பதை ஒரு விளக்கை வைத்தே காட்டியவர் வில்லியம் கிரே வால்டர். 1910இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு வந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தும் அங்கே ஆய்வுப் பதவி கிடைக்கவில்லை. மூளையின் மின்னலைகளை முதன்முதலில் மனிதரிடம் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கரை ஜெர்மனியில் சந்தித்துவிட்டு வந்து, அதைவிட நல்ல கருவிகளைத் தானே செய்துகொண்டார். 1936இல் அலைகளைப் பார்த்தே மூளைக் கட்டி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். 1939 முதல் பிரிஸ்டலில் உள்ள பேர்டன் நரம்பியல் நிலையத்தில் வேலை.

அங்கேதான் அந்த விளக்கு வந்தது. மூடிய கண்களுக்கு முன்னால் செக்கனுக்குப் பத்துத் தடவை அளவில் வெள்ளை ஒளியைச் சிமிட்டினால், மூளையின் அலையும் அதே தாளத்துக்கு ஆடியது. சிமிட்டல் ஒளியை மூளை பின்தொடர்வதை ஏட்ரியனும் மத்தியூசும் 1934இலேயே கண்டிருந்தார்கள். வால்டர் குழு ஒருபடி மேலே போய், மூளையின் அலையே விளக்கை ஏற்றும்படி இணைத்தது. வெள்ளை ஒளியில் சிலர் சுழலும் நிறக்கோலங்களைக் கண்டார்கள். வேறு சிலருக்கு வலிப்பின் அலைகளே கிளம்பின. 1946இல் இதை வெளியிட்டார்கள். மூளை அலைப் பரிசோதனையில் இன்றும் வைத்தியசாலைகளில் கண்முன் ஒளியைச் சிமிட்டிப் பார்ப்பது இந்த வழியில் வந்ததே.

1997இல் ஜப்பானில் போக்கிமொன் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னியபோது, நூற்றுக்கணக்கான சிறுவர்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மனதை அமைதியாக்கும் என்று ஒளியையும் ஒலியையும் விற்கும் கைத்தொலைபேசிச் செயலிகளைத் தரவிறக்குவோர், வீட்டில் வலிப்புள்ளவர் இருந்தால் இதை நினைவில் வைப்பது நல்லது. ஒளியால் தூண்டப்படுவது வலிப்புள்ளவர்களில் சிறு பகுதியினருக்குத்தான். ஆனால் பரிசோதித்துப் பார்க்காமல் அது யார் என்பது தெரியாது.

1964இல் வால்டர் ஒலியையும் சேர்த்தார். முதலில் ஒரு 'டிக்' ஒலி, சற்றுப் பொறுத்து மின்னும் விளக்கு. விளக்கைப் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். ஒலி கேட்டு விளக்குக்காகக் காத்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் மூளையில் ஓர் அலை மெல்ல எழுந்தது. எதிர்பார்ப்பின் அலை என்று அதற்குப் பெயர் வந்தது.

1970இல் ஸ்கூட்டர் விபத்தொன்றில் அவருடைய மூளையே கடுமையாகக் காயப்பட்டது. பழைய வால்டராக அவர் மீளவில்லை. 1977 மே மாதம் இறந்தார்.