கே. எஸ். கிருஷ்ணன்: ராமன் விளைவில் பாதிப் பெயர்

ராமன் விளைவைப் படிக்கும் பெரியமடு மாணவருக்குப் பாடநூலில் கிடைப்பது ஒரு பெயர்தான். 1928 பெப்ரவரியில் கல்கத்தாவில் சூரிய ஒளி, வில்லைகள், நிற வடிகட்டிகள், வெறும் கண் இவற்றோடு ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்தபோது ராமனுக்கு அருகில் நின்றவர் கே. எஸ். கிருஷ்ணன். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த தமிழர். சிதறிய ஒளியில் சிறு பங்கு நிறம் மாறுவதை இருவரும் சேர்ந்தே ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது. நியாயமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

நிற மாற்றம் மூலக்கூறின் அதிர்விலிருந்து வருவது. எந்த அதிர்வு தெரியும் என்பதைச் சமச்சீர் தீர்மானிக்கிறது. காபனீரொட்சைட்டில் நடுவே காபன், இருபுறமும் ஒட்சிசன். இரு ஒட்சிசனும் ஒரேநேரத்தில் விலகி நெருங்கும் அதிர்வு ராமன் நிறமாலையில் தெரியும், அகச்சிவப்பில் தெரியாது. இதை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் கணிதம்தான் குலக்கோட்பாடு.

கிருஷ்ணன் அதே ஆண்டின் முடிவில் டாக்கா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவருடைய கருவி இன்னும் எளியது: மெல்லிய இழையில் தொங்கும் சிறு பளிங்கு, பக்கத்தில் காந்தம். அந்துருண்டையில் இருக்கும் நப்தலீன் போன்ற பளிங்குகள் எவ்வளவு திரும்புகின்றன என அளந்து, உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று கணக்கிட்டார். என் பார்வையில் அவருடைய பெரிய வேலை இதுவே.

1940இல் இலண்டன் ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947இல் டில்லி தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் பணிப்பாளரானார். 1961இல் காலமானார்.